1640-இல் நின்ற பீக்

என் அம்மாவை ஆக்ஸிஜனாக நிறுத்தியது நான் செய்த முதல் தப்பு.

நான் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த சமயம். மரக்காணம் உப்பளத்தில் காலை பத்து மணிக்கு டீ வரும். அன்றைக்குக் கல்லூரி லீவு என்பதால் அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அம்மாவும், கூட உப்பு வாரும் இரண்டு அக்காக்களும் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படி இன்னாதான்டி படிக்கிற அங்க?" என்று ஒரு அக்கா கேட்டாள்.

"மூலக்கூறு எப்படி ஆடுதுன்னு படிக்கிறேங்க்கா."

"ஆட்டமா? அதுக்கு எதுக்கு பஸ் ஏறி அவ்ளோ தூரம் போற? இங்க திருவிழாவுலயே பாக்கலாமே!"

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். கிண்டல் செய்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. "எழுந்திரிங்க மூணு பேரும். இப்பவே காட்டுறேன்" என்றேன்.

அம்மாவை நடுவில் நிறுத்தி, அக்காக்களை ஆளுக்கு ஒரு பக்கம் அவள் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். "நீங்க மூணு பேரும் சேந்துதான் தண்ணி. எங்கம்மா ஆக்ஸிஜன். நீங்க ரெண்டு பேரும் ஹைட்ரஜன். கைதான் ஸ்பிரிங்கு."

"நான் ஏன் நடுவுல?" என்றாள் அம்மா.

"நீதான் கனம்."

அக்காக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா முறைத்தாள். நான் விடவில்லை. முதல் ஆட்டம்: இரண்டு ஹைட்ரஜனும் ஒரே சமயத்தில் வெளியே இழுத்து, ஒரே சமயத்தில் உள்ளே வர வேண்டும். இரண்டாவது: ஒருத்தி வெளியே போகும்போது மற்றவள் உள்ளே வர வேண்டும். இதில் அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளாடினாள். மூன்றாவது: கையை நீட்டவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம், ஹைட்ரஜன் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று நெருங்கி விலக வேண்டும். தண்ணீருக்கு இந்த மூன்று ஆட்டம்தான் தெரியும், நான்காவது கிடையாது. மூன்றாவது ஆட்டம் நன்றாகச் சூடு பிடித்த நேரத்தில் தூரத்திலிருந்து மேஸ்திரியின் சத்தம் கேட்டது.

"ஏம்மா! இன்னா நடக்குது அங்க? கும்மியா?"

மூன்று பேரும் உப்பு வாரும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் அம்மா பின்னாலேயே வரப்பில் நடந்துகொண்டு மீதிப் பாடத்தையும் சொல்லி முடித்தேன். சும்மா விட்டால் நான் நான் இல்லை. இந்த ஆட்டத்தில் ஊஞ்சல் மாதிரி இஷ்டத்துக்கு வேகம் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஏணிப் படி மாதிரி படிதான். இந்தப் படியில் நிற்கலாம், அடுத்த படியில் நிற்கலாம், நடுவில் காலை வைக்க இடமே கிடையாது. படிக்குப் படி ஒரே உயரம். சரியாக அந்த உயரத்துக்குத் தோதான ஒளி வந்தால் மூலக்கூறு அதை விழுங்கிவிட்டு ஒரு படி ஏறும். வேறு ஒளியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இதில் பெரிய கூத்து, ஏணியின் அடிப்படி தரையில் கிடையாது. அரைப் படி உயரத்தில் இருக்கிறது. எவ்வளவு குளிர வைத்தாலும் அந்த அரைப் படி ஆட்டத்தை மட்டும் யாராலும் பிடுங்க முடியாது.

"அப்ப அது ஓயவே ஓயாதா?" என்றாள் அம்மா.

"ஓயாது."

"ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து உப்பு வார ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில் அம்மாவின் வலது காலில் ஒரு புண் இருந்தது. உள்ளங்காலில், கட்டை விரலுக்குக் கீழே. கழுவினால் காயும், உப்புப் பாத்தியில் இறங்கினால் மறுபடி வாய் திறக்கும். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "மாத்திரை எவ்வளவு வேணாலும் தர்றேன்மா. உப்புத் தண்ணியில நிக்கிற வரைக்கும் ஆறாது. இப்படியே விட்டா விரலை எடுக்கிற மாதிரி ஆயிடும்." அப்பா இல்லாத வீடு. அம்மா இறங்காவிட்டால் அடுப்பு எரியாது. எனக்கு எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். ஜூன் மாதம் எம்.எஸ்சி. முடித்த சான்றிதழோடு வந்தால் வேலை. வராவிட்டால் வேறு ஆள். அதனால் எங்கள் வீட்டில் ஜூன் என்பது மாதத்தின் பெயர் இல்லை, அம்மா பாத்தியை விட்டு மேலே ஏறும் நாளின் பெயர். "இன்னும் ரெண்டு மாசம்டி. பல்லக் கடிச்சிக்கினு ஓட்டிடுவேன்" என்று புண்ணுக்குத் துணி சுற்றி, மேலே பாலிதீன் கவரைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். நான் பாஸ் செய்ய வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

எழுத்துத் தேர்வுகளை ஒரு மாதிரி தேற்றிவிடுவேன். ப்ராஜெக்ட்தான் தலைவலி. ஒரு அமிலத்தையும் ஒரு அமீனையும் சேர்த்துக் காய்ச்சி அமைடு என்ற பொருளைச் செய்ய வேண்டும். செய்தது அமைடுதான் என்று ஐ.ஆர். மெஷினில் வைத்து நிரூபிக்க வேண்டும். மெஷின் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அடிக்கும். எந்தெந்த ஒளியை மூலக்கூறு விழுங்கியது என்று காகிதத்தில் மேடும் பள்ளமுமாக வரைந்து தரும். ஒவ்வொரு ஒளிக்கும் ஒரு எண் உண்டு. அமைடுக்கு 1650 என்ற எண் பக்கம் ஒரு பீக், அதாவது ஒரு கூர்முனை, கட்டாயம் வர வேண்டும். அது வந்தால் நான் பாஸ்.

பொருளை அப்படியே மெஷினில் வைக்க முடியாது. பொட்டாசியம் புரோமைடு என்ற வெள்ளைத் தூளோடு துளியூண்டு சேர்த்து, கல்வத்தில் அரைத்து, அச்சில் போட்டு அழுத்தி, மாத்திரை மாதிரி வில்லை செய்ய வேண்டும். அந்தத் தூள் இந்த ஒளியை விழுங்காது, கண்ணாடி மாதிரி வழி விட்டுவிடும். எங்கள் லேபில் அந்தத் தூள் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் வேலையை முடித்துவிட்டார்கள். நான்தான் கடைசி. ஃபேனை அணைத்தது யார் என்று யாரிடமோ எரிந்து விழுந்துகொண்டே திரும்பினேன். முழங்கை பட்டு பாட்டில் கீழே விழுந்தது. கீழே அப்போதுதான் கழுவி விட்ட தரை.

"அடிப்பாவி!" என்றார் லேப் அட்டெண்டர். "இனிமே ஜூலையிலதாம்மா புது ஸ்டாக்கு வரும்."

எனக்கு சப்மிஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். உப்பளம் கண்ணில் பட்டதும் அழுகை நின்றது. புத்தகத்தில் படித்தது ஞாபகம் வந்தது. அகச்சிவப்புக்கு ஜன்னலாக உப்புப் பாளத்தையே வைப்பார்களாம். சோடியம், குளோரின் இரண்டுமே கனத்த ஆட்கள், நடுவில் உள்ள ஸ்பிரிங்கும் தளர்வானது. ரொம்ப மெதுவாக ஆடும். எங்கள் மெஷினுக்கு அவ்வளவு மெதுவான ஆட்டத்தைப் பார்க்கத் தெரியாது. ஆகவே உப்பு இருந்தாலும் இல்லாதது மாதிரிதான். அட, உப்பா? எங்கள் ஊரில் பஞ்சம் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும், உப்புக்கு வராது!

அம்மா வீட்டுக்கென்று பொறுக்கி வைத்திருந்த கல் உப்பில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போனேன். பளிங்கு மாதிரி உப்பு. அரைத்தேன், பொருளைக் கலந்தேன், அழுத்தினேன். முறைப்படி முதலில் உப்பை மட்டும் தனியாக ஒரு வில்லை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதுதான் மற்ற ஊர்க்காரர்கள் செய்வது. நான் செய்யவில்லை. நம்ம உப்பு, நமக்குத் தெரியாதா என்ன?

மெஷின் வரைந்து முடித்ததும் குதித்தேன். 1640-இல் ஒரு பீக், கம்பீரமாக. 3400 பக்கம் அகலமாக இன்னொன்று. புத்தகம் 1650 என்கிறது. பத்து அப்படி இப்படி இருந்தால் உலகம் முழுகியா போய்விடும்? அகலமான பீக்கை அமைடில் உள்ள நைட்ரஜன் கணக்கில் சேர்த்தேன். 1550, 1400 பக்கம் நின்றவற்றையும் அமைடு கணக்கிலேயே எழுதினேன். 1100-இல் யாரும் கூப்பிடாமல் ஒன்று வந்து நின்றது. அதற்கும் ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லிப் பட்டா எழுதிக் கொடுத்தேன். என் கைடு மேடம் பரீட்சை வேலையில் மூழ்கியிருந்தார். ஒரு பார்வை பார்த்து, "குட்" என்று கையெழுத்துப் போட்டார். பைண்டிங் செய்து, தங்க எழுத்தில் தலைப்பு அடித்து சப்மிட் செய்துவிட்டேன். புதன்கிழமை வாய்மொழித் தேர்வு. அதோடு முடிந்தது.

அம்மா அளம் முழுக்கச் சொல்லிவிட்டாள். "எம் பொண்ணு மருந்து கண்டுபுடிச்சிட்டா." மருந்து இல்லைம்மா என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தாள். "அளத்துல ஒருத்தி கண்ணு மாதிரி ஒருத்தி கண்ணு இருக்காது" என்று கை நிறைய கல் உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து, ஊர் கண்ணு உறவு கண்ணு என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்று தடவை சுற்றி, தூ தூ என்று துப்பச் சொல்லி, தோட்டத்தில் வெந்நீர் காயும் விறகடுப்பில் கொண்டுபோய்ப் போட்டாள்.

உப்பு படபடவென்று வெடித்தது. அடுப்புக்கு வெளியே நாலா பக்கமும் தெறித்தது.

"பாத்தியா! பாத்தியா!" அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "எவ்ளோ கண்ணுடி உம்மேல! எல்லாம் வெடிச்சிப் போச்சி!"

தெறித்து விழுந்த உப்பு ஒன்றைக் குனிந்து எடுத்துப் பார்த்தேன். உப்பு ஏன் வெடிக்கிறது என்று அந்தக் கடற்கரையில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பாத்தியில் உப்பு விளையும்போது துளித் துளியாகத் தண்ணீரையும் உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். வெளியே எலும்பு மாதிரி காய்ந்திருக்கும், உள்ளே ஈரம். நெருப்பில் போட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகி உப்பை உடைத்துக்கொண்டு வரும். தண்ணீர்! வரப்பில் இரண்டு அக்காக்கள் கத்தரிக்கோல் போட்டார்களே, அந்த மூன்றாவது ஆட்டம். அதற்கான பீக் எங்கே வரும்? 1640-இல் வரும். கை நீட்டி மடக்கும் ஆட்டங்கள் 3400 பக்கம் அகலமாக வரும். நான் தங்க எழுத்தில் பைண்டிங் செய்து கொடுத்திருந்தது அமைடு இல்லை. எங்கள் வீட்டு உப்புக்குள் இருந்த தண்ணீர்.

நேராகச் சமையலறைக்கு ஓடி, வாணலியில் உப்பைக் கொட்டி வறுக்க ஆரம்பித்தேன். தட்டால் மூடினேன். உள்ளே பொரி பொரிகிற மாதிரி சத்தம்.

"சுத்திப் போட்ட கையோட யாராவது உப்ப வறுப்பாங்களாடி? லூசு புடிச்சிருக்குதா உனக்கு?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கடைசி வெடிச் சத்தம் அடங்கும் வரைக்கும் வறுத்து, சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக வறுத்த உப்பை மட்டும் வில்லை போட்டு வைத்தேன். 1640-இல் ஒன்றுமே இல்லை, வழித்து எடுத்த மாதிரி இருந்தது. 1100-இல் அந்த அழையாத விருந்தாளி மட்டும் அப்படியே நின்றான். அது கடல் தண்ணீரோடு வரும் ஜிப்சம். அடுத்து வறுத்த உப்போடு என் பொருளைக் கலந்து வைத்தேன். தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டே பார்த்தேன். 1650-இல் பீக் இல்லை. 1550 பக்கமும் 1400 பக்கமும் மட்டும்தான் இருந்தன. அதற்கு அர்த்தம் எனக்கு நன்றாகவே தெரியும். காய்ச்சிய சூடு போதவில்லை. அமிலமும் அமீனும் கலந்து அமைடாக மாறாமல், பாதி வழியில், வேதியியலில் உப்பு என்று சொல்லும் பொருளாகவே நின்றுவிட்டன. உப்பளத்துக்காரி ஆறு மாதம் பஸ் ஏறிப் போய்ச் செய்தது ஒரு உப்பு! அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மேடத்திடம் இரண்டு காகிதத்தையும் காட்டினேன்.

"பாக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு" என்றார். "ஆனா தீசிஸ் போயாச்சு. வர்ற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்னு எனக்குத் தோணலை. நான் எதுவும் சொல்ல மாட்டேன். சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்மா."

எனக்கு இஷ்டம் இருந்தது. சொல்லாமல் இருப்பதுதான் என் இஷ்டம். உண்மையைச் சொல்கிறேன், அதில் எனக்குத் துளி வெட்கமும் இல்லை. புதன்கிழமை காலையில் அம்மா காலில் கவரைக் கட்டிக்கொண்டிருந்தாள். துணியில் ரத்தம் ஊறியிருந்தது. ஒரு பீக்குக்காக இந்தக் காலை விடுவேனா? வாயைத் தைத்துக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்துதான் பஸ் ஏறினேன்.

எக்ஸ்டர்னல் வயதானவர், நிதானமானவர். பக்கம் பக்கமாகத் திருப்பினார். சரியாக அந்தப் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ரொம்பக் குறைஞ்ச சூட்டிலயே அமைடு வந்திருக்கே! நல்ல வேலைம்மா. நான் என் ஸ்டூடன்ட் ஒரு பொண்ணுகிட்ட இதே முறையில செஞ்சு பாக்கச் சொல்லப் போறேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முகம் தெரியாத அந்தப் பெண் என் கண் முன்னால் வந்தாள். அவளும் எங்கிருந்தோ பஸ் ஏறி வருவாள். காய்ச்சிக் காய்ச்சிப் பார்ப்பாள், வராது. தன் கையில்தான் கோளாறு என்று பஸ்ஸில் அழுவாள். அவள் வீட்டிலும் ஒரு ஜூன் மாதம் இருக்கும்.

"சார், அது தண்ணி சார்" என்றேன்.

"என்னது?"

"அந்த பீக்கு. அமைடு இல்ல சார். எங்க ஊரு உப்புல இருக்கிற தண்ணி."

அதற்கப்புறம் அடைத்துவைத்த மடையைத் திறந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாட்டில் உடைந்தது, உப்பு எடுத்தது, அம்மா சுற்றிப் போட்டது, வாணலி. பையிலிருந்து புதுக் காகிதங்களை எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைக் கரும்பலகைக்குப் போகச் சொன்னார். ஏணியை வரைந்தேன், அடிப்படியை அரைப் படி உயரத்தில் வைத்தேன், தண்ணீரின் மூன்று ஆட்டத்தையும் போட்டேன், உப்பின் மெதுவான ஆட்டம் மெஷினுக்கு ஏன் தெரியாது என்று சொன்னேன். சமன்பாடு ஒன்றும் மறக்கவில்லை. சுற்றிப் போட்ட கதைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"இந்த அரை மணி நேரத்துக்கு நூத்துக்கு நூறு போடலாம்மா" என்றார். "ஆனா தீசிஸ்ல செஞ்சதா எழுதின பொருள் இல்லை. இல்லாத பொருளுக்கு நான் பாஸ் போட முடியாது. செஞ்சுட்டு நவம்பர்ல வா."

பள்ளிக்கூட வேலை அந்த வாரமே வேறு ஒருத்திக்குப் போனது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நீ வாயத் தொறக்கலன்னா அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏன்டி சொன்னே?" பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "என் காலப் பாத்தியா நீ? பாத்துட்டுத்தானே போனே?"

பார்த்துவிட்டுத்தான் போனேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அவள் எழுவதற்கு முன்னால் நான் எழுந்து, அவளுடைய பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, பலகையை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனேன். "உங்கம்மா எங்க?" என்றார் மேஸ்திரி. "இனிமே நான்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் பாத்தியில் இறங்கினேன். ஜில்லென்றுதான் இருந்தது, முதல் கால் மணி நேரம்.

டீ வரும் நேரத்துக்கு அம்மா நொண்டிக்கொண்டே வந்து வரப்பில் நின்று கத்தினாள். "ஏறுடி மேல! மானத்த வாங்காத! இதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?"

"நீ இறங்கினா நான் நவம்பருக்குப் போக மாட்டேன். சத்தியமா போக மாட்டேன்" என்றேன். என் கோபம் அவளுக்குத் தெரியும். அதைப் பெற்றவளே அவள்தான். இறங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். விரலிடுக்கெல்லாம் வெந்து, தோல் வெள்ளையாக ஊறிக் கிடந்தது. எங்கே எப்போது கீறிக்கொண்டேன் என்று தெரியாத கீறல்களெல்லாம் எங்கே இருக்கின்றன என்று அப்போது தெரிந்தது. நல்ல தண்ணீர் ஊற்றியபோது உயிர் போய்த் திரும்பியது. அம்மா வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். என் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் ஒற்றினாள்.

"எரியுதாடி?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.

முப்பது வருஷம் அதே தண்ணீரில் நின்றவளிடம் போய் அந்தப் பொய்யைச் சொன்னேன்.